போண்டாவுக்கு எப்போ ஊசி?

நம்ம கேம்பஸ்ல நாய் குட்டி போடாத இடம்னு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். ஹாஸ்டல் மெஸ் பின்பக்கம், பைக் ஷெட், சிவில் டிபார்ட்மென்ட் கொட்டி வச்ச எம்-சாண்ட் மேடு, ஏன், செக்யூரிட்டி அண்ணன் கட்டிலுக்கு அடியில கூட. குட்டி போட்ட முதல் வாரம் யாரும் கண்டுக்க மாட்டாங்க. கண் திறந்து தத்தக்கா பித்தக்கான்னு நடக்க ஆரம்பிச்சதும் மொத்த ஹாஸ்டலும் அங்கதான் நிக்கும். பேர் வச்சாச்சு, போட்டோ எடுத்தாச்சு. அப்புறம் எக்ஸாம் டைம்டேபிள் வரும். "லீவுல இதுங்களை யாருடா பார்த்துப்பா?"ன்னு அப்போதான் கேள்வி வரும். உடனே ஒரு இன்ஸ்டா ஸ்டோரி: "அடாப்ஷனுக்கு ரெடி, ஊசி போட்டாச்சு, டிஎம் பண்ணுங்க."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த "ஊசி போட்டாச்சு"ங்கற ரெண்டு வார்த்தையைப் பத்திதான்.

போன வருஷம் நம்ம ஜூனியர் பசங்க சிலர் அஞ்சு குட்டிகளை ரொம்ப அக்கறையா வளர்த்தாங்க. முப்பத்தெட்டாவது நாள் ஒரு ஊசி போட்டாங்க. நாற்பதாவது நாள் அஞ்சையும் வேற வேற வீட்டுக்குக் கொடுத்துட்டு நிம்மதியா ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க. ஒரு வீட்டுல நாலாவது நாள் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி. ஏழாவது நாள் குட்டி இல்லை. அந்த வீட்டு அப்பா போன் பண்ணி சண்டை எல்லாம் போடல. "ஊசி போட்டாச்சுன்னுதானே சொன்னீங்க தம்பி?"ன்னு மட்டும் கேட்டாராம். அவங்க பொய் சொல்லல. ஊசி போட்டது உண்மை. அது வேலை செய்யலைங்கறதும் உண்மை. இது ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்?

விடை, நாம ஃபர்ஸ்ட் இயர்லயே படிச்ச கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் கர்வ்ல இருக்கு.

குட்டி பிறந்த முதல் நாள் குடிக்கிற சீம்பால்ல அம்மாவோட ஆன்டிபாடி கொட்டிக் கிடக்கும். அந்த முதல் 24 மணி நேரம்தான் குட்டியோட குடல் அதை அப்படியே ரத்தத்துக்குள்ள விடும். அப்புறம் கதவு சாத்திடும். இப்படிக் கிடைச்ச ஆன்டிபாடி குட்டி சொந்தமா தயாரிச்சது கிடையாது, கடன் வாங்கினது. அதனால தானா கரையும். பார்வோ வைரஸுக்கான ஆன்டிபாடி ஏறக்குறைய 10 நாளைக்கு ஒரு தடவை பாதியாகும். சுத்தமான எக்ஸ்பொனென்ஷியல் டீகே.

இதுல ரெண்டு கோடு போடுங்க. மேல் கோடு, நோயைத் தடுக்கத் தேவையான அளவு. அதை 80ன்னு வச்சுக்குவோம். கீழ் கோடு, ஊசியில வர்ற பலவீனமாக்கப்பட்ட வைரஸைக் கூட அடிச்சுப் போடுற அளவு. அது 20. ரெண்டு கோடும் ஒரே இடத்துல இல்லைங்கறதுதான் பிரச்சினையே. ஆன்டிபாடி 80-க்கு மேல இருக்கிற வரைக்கும் குட்டிக்கு நோய் வராது, ஊசியும் வேலை செய்யாது. 20-க்குக் கீழ போனா ஊசி வேலை செய்யும். நடுவுல? நிஜ வைரஸ் உள்ள வந்தா தடுக்க ஆள் பத்தாது, ஆனா ஊசி மருந்தை மட்டும் அடிச்சுத் துரத்த ஆள் இருக்கும். பாதுகாப்பும் இல்லை, ஊசியும் பலிக்காது.

மூணு குட்டி எடுத்துக்குவோம். போண்டா, பஜ்ஜி, சமோசா. பிறந்தப்போ போண்டாகிட்ட 320, பஜ்ஜிகிட்ட 1280, சமோசாகிட்ட 5120 யூனிட் இருந்துச்சுன்னு வைங்க. ஒரே அம்மா வயித்துக் குட்டிகளுக்குள்ளயே இப்படி வித்தியாசம் வரும். முதல் நாள் எவன் முண்டியடிச்சு அதிகமா குடிச்சான்ங்கறதைப் பொறுத்த விஷயம் அது. 10 நாளைக்குப் பாதின்னு கணக்குப் போட்டா, போண்டாவோட பாதுகாப்பு 20-ம் நாளே முடிஞ்சிடும். 40-ம் நாளுக்கு மேலதான் ஊசி பிடிக்கும். பஜ்ஜிக்கு அதே ரெண்டு தேதி 40, 60. சமோசாவுக்கு 60, 80.

ஆறாவது வாரம், அதாவது 42-வது நாள், மூணு பேருக்கும் ஒரே ஊசி. போண்டாவுக்குப் பிடிச்சுது. பஜ்ஜிக்கும் சமோசாவுக்கும் அது வெறும் தண்ணி மாதிரிதான். ஒன்பதாவது வாரம், 63-வது நாள், பஜ்ஜிக்குப் பிடிக்கும். சமோசாவுக்கு 84-வது நாள், பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் காத்திருக்கணும். இன்னும் அதிகமா சீம்பால் குடிச்ச குட்டியா இருந்தா 16 வாரம். எண்கள் நான் புரியறதுக்காகப் போட்டது. கர்வோட வடிவம் உண்மை.

இப்போ அந்த வீட்டு அப்பாவோட கேள்விக்கு வருவோம். 38-வது நாள்ல ஒரு ஊசி பிடிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, பிடிக்காம போகவும் வாய்ப்பு இருக்கு. வெளியில இருந்து பார்த்தா எந்தக் குட்டி போண்டா, எந்தக் குட்டி சமோசான்னு தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு இருக்கவும் முடியாது. அதனாலதான் டாக்டர்கள் திரும்பத் திரும்ப போடுறாங்க. பல பேர் நினைக்கிற மாதிரி ரெண்டாவது, மூணாவது ஊசி முதல் ஊசிக்கு பூஸ்டர் இல்லை. எந்தத் தேதியில ஜன்னல் திறக்கும்னு தெரியாததால, மூணு வாரத்துக்கு ஒரு தடவை வந்து கதவைத் தட்டிப் பார்க்கிறாங்க, அவ்வளவுதான். வேர்ல்ட் ஸ்மால் அனிமல் வெட்டர்னரி அசோசியேஷன்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு. அவங்க கைடுலைனும் இதையேதான் சொல்லுது: 6-லேர்ந்து 8 வாரத்துக்குள்ள ஆரம்பிங்க, 2-லேர்ந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை போடுங்க, கடைசி ஊசி 16 வாரத்துலயோ அதுக்கு அப்புறமோ இருக்கணும். அந்த 16 ரொம்ப முக்கியம்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. தெருவுல பார்வோவைப் பார்த்துட்டுத் தப்பிச்ச அம்மா நாய்க்கு ஆன்டிபாடி எக்கச்சக்கமா இருக்கும். அப்படிப்பட்ட ஸ்ட்ராங்கான அம்மாவோட குட்டிக்குத்தான் ஊசி பிடிக்க லேட் ஆகும். "நாட்டு நாய் சார், அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

வயசே தெரியாதே, வாரக் கணக்கு எப்படிப் போடுறது?

நியாயமான கேள்வி. மெஸ் பின்னாடி பிறந்த குட்டிக்கு பர்த் சர்டிஃபிகேட் கிடையாது. ஆனா வாயைத் திறந்து பார்த்தா கிட்டத்தட்ட தெரிஞ்சிடும். கண் திறக்கிறது 10-லேர்ந்து 14 நாள்ல. முன்பல் எட்டிப் பார்க்கிறது மூணு நாலு வாரத்துல. கோரைப்பல்லும் அதையொட்டி வரும். கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் நாலுலேர்ந்து ஆறு வாரத்துக்குள்ள. எட்டு வாரத்துல 28 பால்பல்லும் வந்து, ஊசி மாதிரி கையைப் பதம் பார்க்கும். முன்பல் விழுந்து புதுப்பல் வருதுன்னா மூணரை, நாலு மாசம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். சைஸை நம்பாதீங்க. புழு வந்து வத்திப்போன எட்டு வாரக் குட்டி, கொழுகொழு அஞ்சு வாரக் குட்டியை விடச் சின்னதா தெரியும். கண் திறந்த நாளைப் பார்த்தவங்க யாராவது இருந்தா அந்தத் தேதியை வாட்ஸ்அப் குரூப்ல பின் பண்ணி வைங்க. அதைவிட உபயோகமான தகவல் வேற இல்லை.

சரி, ஒரு காலண்டர் போட்டுப் பார்ப்போம். குட்டிகள் பிப்ரவரி 1 பிறந்ததா வைங்க. பிப்ரவரி 15, மார்ச் 1, மார்ச் 15, மார்ச் 29, இந்த நாலு தேதியை ஒட்டி குடல்புழு மருந்து. ரெண்டு வாரக் குட்டிக்கே புழு மருந்தான்னு ஆச்சரியப்படாதீங்க. உருண்டைப் புழு அம்மா வயித்துல இருக்கும்போதே குட்டிக்குள்ள போயிடும். கொக்கிப்புழு பால் வழியா வரும். தொப்பை மட்டும் உருண்டையா இருந்து முதுகெலும்பு தெரியுதுன்னா அது சாப்பிட்ட தொப்பை இல்லை. டோஸ் எடையைப் பொறுத்தது; கிச்சன் தராசுல எடை போட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க, கண்ணால அளந்து ஊத்தாதீங்க.

முதல் தடுப்பூசி மார்ச் 15. டிஸ்டெம்பர், பார்வோ ரெண்டுக்கும் சேர்த்து குட்டிகளுக்குன்னே ஒரு ஊசி இருக்கு, டாக்டர்கள் பப்பி டிபின்னு சொல்வாங்க. ரெண்டாவது ஏப்ரல் 5. இதுல பெரும்பாலும் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் மாதிரி கூட்டு ஊசி போடுவாங்க. அதுல எலிக் காய்ச்சலுக்கான மருந்தும் இருக்கும். மெஸ் பக்கம் எலி, மழை பெஞ்சா தேங்குற தண்ணி, இது ரெண்டும் இருக்கிற எந்த கேம்பஸுக்கும் அது வேணும். அந்த நோய் நமக்கும் வரும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. அந்தப் பகுதிக்கு ரெண்டு முதல் நாலு வாரம் கழிச்சு இன்னொரு டோஸ் கண்டிப்பா போடணும். மூணாவது ஊசி ஏப்ரல் 26. அன்னிக்கு 12 வாரம், ரேபிஸ் ஊசி போடுற வயசு. கடைசி ஊசி மே 24.

மே 24! செமஸ்டர் முடிஞ்சு நாமெல்லாம் வீட்டுல மாம்பழம் சாப்பிட்டுட்டு இருப்போம். அப்போ 16 வாரம் முடியற வரைக்கும் குட்டியைக் கொடுக்கவே கூடாதா?

இல்லை. இங்கதான் ரெண்டாவது கடிகாரம் ஒண்ணு ஓடுது. மூணு வாரத்துலேர்ந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரைக்கும்தான் நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கிற காலம். அந்த நேரத்துல மிக்ஸி சத்தம், குழந்தைங்க, சைக்கிள், காலிங் பெல் எல்லாத்தையும் பார்த்த குட்டி பிற்காலத்துல எதுக்கும் மிரளாது. 16 வாரம் வரைக்கும் ஹாஸ்டல் மாடிப்படிக்கு அடியிலயே அடைச்சு வச்சுட்டுக் கொடுத்தா, பார்வோவிலிருந்து தப்பிச்ச குட்டி, ஆளைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில ஓடுற நாயா வளரும். அப்புறம் எடுத்தவங்களே "கடிக்குது"ன்னு கொண்டு வந்து தெருவுல விடுவாங்க.

அந்தப் பக்கம் அஞ்சு வாரத்துல கொடுக்கிறதும் தப்பு. அம்மாகிட்டயும் கூடப் பிறந்ததுங்ககிட்டயும் இருந்துதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு குட்டி கத்துக்கும். நம்ம நாட்டுல நாய் இனப்பெருக்கம், விற்பனை பத்தின 2017 விதிகள்லயே எட்டு வாரத்துக்குக் கீழ இருக்கிற குட்டியை விற்கக் கூடாதுன்னு இருக்கு. நாம விக்கல, சும்மாதான் கொடுக்கறோம். ஆனா குட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதனால என் கணக்குப்படி நல்ல நேரம் ஒன்பதுலேர்ந்து பதினொரு வாரம். நம்ம உதாரணத்துல ஏப்ரல் 12. ஏன் ஏப்ரல் 5, ஊசி போட்ட அன்னிக்கே கொடுக்கக் கூடாது? ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு நாள் குட்டி டல்லா இருக்கும், சாப்பிடாது. அதே நாள் புது வீடு, புது சாப்பாடு, அம்மா இல்லாத முதல் ராத்திரி எல்லாம் சேர்ந்தா, அது ஊசியால வந்த சோர்வா, பயமா, இல்லை நோயோட ஆரம்பமான்னு எடுத்தவங்களுக்குத் தெரியாது. ரெண்டு நாள் பார்க்கலாம்னு விடுவாங்க. பார்வோவுல அந்த ரெண்டு நாள்தான் உயிர். தவிர, பார்வோ உள்ள போய் வெளிய தெரிய பொதுவா மூணுலேர்ந்து ஏழு நாள் ஆகும், சில சமயம் ரெண்டு வாரம். ஒரு வாரமாவது கண்ணு முன்னாடி வச்சிருந்தா, நோயோட குட்டியை அடுத்தவங்க வீட்டுக்கு அனுப்புற வாய்ப்பு குறையும். அந்த ஒரு வாரத்துல ஒரு குட்டிக்கு வாந்தி வந்தாலும் எல்லாக் குட்டியோட அனுப்பல்களையும் நிறுத்திடுங்க.

வாந்தியோ பேதியோ வந்தா எலக்ட்ரால் கலக்கிக் குடுத்துப் பார்ப்போம்னு உட்கார்ந்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. பார்வோவுக்கு பெரும்பாலும் டிரிப்ஸ்தான் வைத்தியம். அது சீக்கிரம் ஏறினா பல குட்டிகள் தேறிடும், ஒண்ணுமே பண்ணாம விட்டா தப்பிக்கிறது ரொம்ப அபூர்வம். இன்னொண்ணு, ஹேண்ட் சானிடைசரை நம்பாதீங்க. கொரோனா வைரஸுக்கு வெளியில கொழுப்பு உறை இருந்ததால ஆல்கஹால் அதைக் கரைச்சுது. பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது, ஆல்கஹால் அதை ஒண்ணும் பண்ணாது. வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணி 30 பங்கு, முதல்ல இடத்தைக் கழுவிட்டு அப்புறம் இதை ஊத்தி 10 நிமிஷம் விடணும். மண்ணுல மாசக்கணக்குல, ஒரு வருஷம் கூட உயிரோட இருக்கும். போன தடவை குட்டி செத்த அதே எம்-சாண்ட் மேட்டுல இந்தத் தடவை குட்டிகளை வைக்காதீங்க.

டாக்டர்கிட்ட எத்தனை தடவை?

குறைஞ்சது ரெண்டு, ஊசிக்குப் போறதைத் தவிரன்னு நினைக்காதீங்க, ஊசிக்குப் போறப்பவே முதலாவது முடிஞ்சிடும். ஆறாவது வாரம் முதல் ஊசிக்கு முன்னாடி டாக்டர் முழுசா பார்ப்பாரு: காய்ச்சல் இருக்கா (குட்டிக்கு 101-லேர்ந்து 102.5 ஃபாரன்ஹீட் நார்மல், நம்ம கணக்குல காய்ச்சல் மாதிரி தெரியும்), ஈறு வெளுத்திருக்கா, இதயத்துல முணுமுணுப்பு, தொப்புள்ல ஹெர்னியா, மேலண்ணத்துல பிளவு, தோல்ல சொறி. காய்ச்சலோ பேதியோ இருக்கிற குட்டிக்கு அன்னிக்கு ஊசி கிடையாது. "சார் நாளைக்கு ஊருக்குப் போறோம் சார், போட்டுடுங்க"ன்னு கெஞ்சாதீங்க. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கயே உட்காருங்க. முகம் வீங்குறது, மயங்குறது எல்லாம் அபூர்வம்தான், ஆனா வந்தா உடனே வரும்.

ரெண்டாவது, கொடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி. இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. எனக்கு முதல் செக்கப்பை விட இதுதான் முக்கியமா படுது. ஏன்னா இதுல கிடைக்கிற தகவல் உங்களுக்கு இல்லை, எடுத்துட்டுப் போறவங்களுக்கு. சின்னதா ஹெர்னியா இருக்குன்னா கருத்தடை ஆபரேஷன் பண்றப்போ சேர்த்து சரி பண்ணிக்கலாம். அதை முன்னாடியே சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. மறைச்சா கோவிச்சுக்குவாங்க. மலம் கொஞ்சம் டப்பாவுல எடுத்துட்டுப் போங்க, டெஸ்ட் பண்ணிடலாம். சிரிக்காதீங்க.

எங்க போறது? அரசு கால்நடை மருந்தகம்னு போர்டைப் பார்த்தா மாட்டுக்கு மட்டும்னு நினைக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே பாதிப் பேர். நாயும் பார்ப்பாங்க. பெரும்பாலும் காலையில போகணும். எந்த ஊசி ஸ்டாக் இருக்குன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, சிலதை வெளியில வாங்கிட்டு வரச் சொல்லலாம். அப்படி வாங்கினா ஐஸ் பேக்கோட வாங்குங்க. தடுப்பூசி 2-லேர்ந்து 8 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும். ஏப்ரல் வெயில்ல பேக்ல போட்டு ரெண்டு பஸ் மாறி வந்த மருந்தைப் போட்டா, அட்டையில டிக் விழும், உடம்புக்குள்ள ஒண்ணும் நடக்காது. யூடியூப் பார்த்து நீங்களே குத்துறது இன்னும் மோசம். அதே மாதிரி, உண்ணிக்குன்னு கடையில கிடைக்கிற மருந்தைக் குட்டி மேல தடவாதீங்க. பெரிய நாய்க்கான சில உண்ணி மருந்து சின்னக் குட்டிக்கு விஷம்.

ரேபிஸ் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா இது நம்ம உயிர் விஷயம். 12 வாரத்துக்கு முன்னாடி அந்த ஊசி போடாததால, நாம தூக்கிக் கொஞ்சுற குட்டிகள் எல்லாமே ரேபிஸ் ஊசி போடாத குட்டிகள்தான். குட்டிக்கு ரேபிஸ் வராதுன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு, வரும். பால்பல்லு சும்மா கீறினாலும் சரி, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, அப்புறம் நேரா ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு ஆஸ்பத்திரியோ போங்க. அங்க ஊசி இலவசம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கறதெல்லாம் தாத்தா காலத்துக் கதை. இப்போ கையிலதான், நாலஞ்சு தடவை. எல்லாத் தேதிக்கும் போகணும், ஒண்ணை விட்டாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஹாஸ்டல்ல ஒருத்தனுக்குக் கீறல் பட்டா அவன் கண்டிப்பா "ஒண்ணும் ஆகாது மச்சி"ம்பான். இழுத்துட்டுப் போங்க.

கொடுக்கிற அன்னிக்கு குட்டியோட கூடப் போக வேண்டியது தடுப்பூசி அட்டை. மருந்து பாட்டில் மேல இருக்கிற ஸ்டிக்கரை டாக்டர் அதுல ஒட்டி சைன் பண்ணுவாரு. ஸ்டிக்கர் ஒட்டாம தேதி மட்டும் எழுதினா, கேட்டு ஒட்டி வாங்குங்க. அடுத்த தேதிகளை நீங்களே பெருசா எழுதுங்க: ஏப்ரல் 26 மூணாவது ஊசியும் ரேபிஸும், மே 24 கடைசி. வீட்டுல என்ன பேசுறோம்னா, "ஊசி போட்டாச்சு"ன்னு சொல்லாதீங்க. "ரெண்டு போட்டாச்சு, இன்னும் ரெண்டு இருக்கு, அது முடியற வரைக்கும் தெருவுல நடக்க விடாதீங்க, கையில தூக்கிட்டு வெளிய போய் எல்லாத்தையும் காட்டுங்க"ன்னு சொல்லுங்க. பாலும் பிஸ்கெட்டும் வேண்டாம், பேதி வரும். இப்போ என்ன சாப்பிடுதோ அதையே ஒரு வாரம் கொடுக்கச் சொல்லுங்க. தயிர் சாதமும் அவிச்ச முட்டையும்னா அதுதான். இதைக் கேட்டுட்டு "இவ்வளவு வேலையா?"ன்னு பின்வாங்குற வீடு, பின்வாங்கட்டும். கொடுத்த பிறகு தெரியறதை விட இப்பவே தெரியறது மேல்.

உங்க போன்லயும் அந்த ரெண்டு தேதிக்கு ரிமைண்டர் போடுங்க. மே 24 அன்னிக்கு ஒரு கால். மிஸ் ஆயிருந்தா அடுத்த வாரமே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, லேட்டானாலும் அந்த ஊசி வேணும். ஃபைனல் இயர்னா நம்பரை ஒரு செகண்ட் இயர் பையன்கிட்டயும் கொடுத்து வைங்க.

குட்டிகள் போன பிறகு மெஸ் பின்னாடி அம்மா மட்டும் தேடிட்டு நிக்கும், ரெண்டு மூணு நாள். எல்லாரையும் ஒரே நாள்ல அனுப்பாம ஒவ்வொண்ணா அனுப்பினா பால் கட்டிக்கிற வேதனை குறையும். பால் வத்தினதும் கருத்தடைக்கு டாக்டர்கிட்டயோ மாநகராட்சியிலயோ பேசி டேட் வாங்கிடுங்க. ஆபரேஷனோட சேர்த்து ரேபிஸ் ஊசியும் போட்டு, காதுல சின்னதா ஒரு அடையாள வெட்டு வைப்பாங்க. செமஸ்டர் லீவுக்கு முன்னாடி டேட் கிடைக்கலைன்னா, லீவுல கேம்பஸ்லயே இருக்கிற செக்யூரிட்டி அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. நாய் எங்க படுத்திருக்கும்னு அவருக்குத்தான் தெரியும்.